டைம்கீப்பரின் இடது கன்னம்

மே மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, தனியார் பஸ் சங்கச் செயலாளர் பரமேஸ்வரன் டைம்கீப்பர் கூட்டின் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமல் வெளியே நின்றபடியே கதைத்தார். வழக்கமாக அவர் உள்ளே வந்து, மேசை மூலையில் சாய்ந்து, நேரக் கொப்பியைப் புரட்டி, யார் பிந்தினது என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அன்றைக்கு இரண்டடி தள்ளி நின்றார். அவர் வாய் திறக்குமுன்னரே கூட்டுக்குள் இருந்த கஜேந்தினிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

சங்க அறையில் கடிதங்களும் கோவைகளும் பார்க்க ஒரு ஆள் தேவைப்படுவதாகவும், யூலை முதலாம் திகதியிலிருந்து அவள் மேல்மாடிக்கு வந்துவிடலாம் என்றும் அவர் சொன்னார். கூட்டுக்கு வேறு ஒருவரைப் பார்த்தாயிற்று. சம்பளத்தில் மாற்றமில்லை, மேலே மின்விசிறியும் உண்டு. காரணத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சனம் கதைக்குது பிள்ளை. தொத்து வருத்தமோ எண்டு என்னட்டையே கேக்கினம். யன்னலுக்குக் கிட்ட வராமல் தூர நிண்டு கத்தினம். நானும் கண்டனான்."

அவர் கண்டது உண்மைதான். ஏப்ரலில் அவளுடைய இடது கன்னத்தில் ஒரு நாணயக் குற்றி அளவில் தொடங்கிய கறுப்பு, ஒரு மாதத்துக்குள் காதடியிலிருந்து தாடை வரை இறங்கியிருந்தது. தோல் தடித்து, ஓரங்களில் செதில் விட்டு, மத்தியான வேளையில் மிளகாய்த்தூள் பட்டதுபோல் எரிந்தது. நேரம் கேட்க வருகிறவர்கள் முதலில் கன்னத்தைப் பார்த்தார்கள். பிறகு ஓரடி பின்வாங்கிக் கேட்டார்கள்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தனியார் பஸ் தரிப்பிடத்தில் கஜேந்தினி டைம்கீப்பராகி இரண்டு வருடம். வெளியில் இருந்து பார்த்தால் ஒரு தகரக் கூட்டுக்குள் கதிரையில் இருந்து கொப்பியில் எழுதுகிற வேலை. உண்மையில் இருபத்திரண்டு பஸ்களும் நான்கு வழிகளும் அந்தக் கொப்பிக்குள்தான் ஓடின. ஸ்கந்தபுரம் போகிற இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று துரத்தாமல் நாற்பது நிமிட இடைவெளி காக்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து வருகிற பஸ் பரந்தனில் பத்து நிமிடம் மினக்கெட்டால், அதன் அடுத்த முறையை யாருக்குக் கொடுப்பது என்று அந்தக் கணத்திலேயே தீர்மானிக்க வேண்டும். பிந்தினவனுக்குத் தண்டனை, அடுத்த முறை பறிபோவது. முறை பறிகொடுத்த சாரதி கூட்டுக்கு முன்னால் வந்து கத்துவான். அவள் கொப்பியைத் திருப்பி, அவன் வந்த நேரத்தை விரலால் காட்டுவாள். அதற்காகவே சாரதிமார் அவளுக்கு 'டீச்சர்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். பொம்பிளைப்பிள்ளை ஒன்று இந்தக் கதிரையில் ஒரு மாதம் தாக்குப்பிடிக்காது என்று சொன்னவர்களும் அவர்கள்தான். கோவை அடுக்குவதற்காக அவள் அந்த ஒரு மாதத்தையும் அதற்குப் பிறகு வந்தவற்றையும் தாண்டவில்லை.

ஆகவே செயலாளரிடம், யூலை முதலாம் திகதிக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது, அதற்குள் முகம் தேறினால் தன்னை இங்கேயே விடுவீர்களா என்று கேட்டாள். அவர் பார்ப்பம் என்றார். பார்ப்பம் என்பது அவர் வாயில் இல்லை என்பதற்குக் கொஞ்சம் மேலே, ஓம் என்பதற்கு வெகு கீழே.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக். நம்பர் எடுத்து மூன்று மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போனாள். டொக்டர் அவளைவிட இரண்டு வயது மூத்தவளாய் இருக்கலாம். முதல் கேள்வியே வெள்ளையாக்கிற கிறீம் ஏதாவது பூசுகிறீர்களா என்பது. இல்லை என்றாள் கஜேந்தினி. முகத்துக்கு வேறு என்ன பூசுவீர்கள் என்று கேட்டபோதும் ஒன்றுமில்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பொய் இல்லை என்றுதான் அப்போது நினைத்தாள்.

எத்தனை தரம் முகம் கழுவுகிறீர்கள் என்றதற்கு ஆறு தரம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். புகையும் புழுதியும் படுகிற இடமல்லவா, ஒவ்வொரு முல்லைத்தீவு பஸ்ஸும் வெளிக்கிட்ட பிறகு தரிப்பிடத்துக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுவாள். இடையில் லேஞ்சித் துணியில் ஓடிக்கலோன் வாசனைத் தண்ணீர் விட்டுத் துடைப்பாள். டொக்டர் பேனையை வைத்துவிட்டு அவளுடைய முகத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வலது கன்னத்தில் வறட்சி மட்டும். எங்கே, எப்படி இருந்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

கஜேந்தினி கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் கீறிக் காட்டினாள். இது கூடு. முன்னால் சனத்துக்கு யன்னல். இடப்பக்கம் முழுக்கத் திறப்பு, பஸ் நம்பர்களைப் பார்ப்பதற்கு. பஸ்கள் பின்பக்கமாக வந்துதான் வரிசையில் நிற்கும், ஏனென்றால் நேரம் வந்ததும் நேராக வெளியே எடுக்கலாம். ஆகவே புகைக்குழாய்கள் எல்லாம் கூட்டைப் பார்த்தபடி.

"அப்ப உங்கட இடது கன்னம்தான் எல்லாப் புகைக்குழாயையும் பாத்துக்கொண்டிருக்கு," என்றாள் டொக்டர். "இது தொத்து இல்லை. பயப்பிடாதேங்கோ."

பிறகு அவள் சொன்ன விளக்கம் கஜேந்தினிக்குப் பிடித்துக்கொண்டது. மேல்தோல் என்பது கல்லடுக்கிக் கட்டின சுவர் மாதிரி. கற்கள் செத்த கலங்கள். இடையில் சாந்துபோல இருப்பது தோல் தானே சுரக்கிற கொழுப்பு. அந்தச் சாந்து இருக்கும்வரை உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது, வெளியே இருக்கிறது உள்ளே வராது. டீசல் புகையில் வருகிற கரித்துகள் மயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவுக்குச் சின்னனாகவும் இருக்கும். அதன் மேல் எரியாத டீசலின் பசை ஒட்டியிருக்கும். சுவர் நல்லாய் இருந்தால் அது மேலே கிடந்து கழுவுப்படும். ஆனால் சவர்க்காரம் அழுக்கைக் கரைக்கிற அதே வேலையைச் சாந்துக்கும் செய்யும். ஆறு தரம் கழுவினால் ஆறு தரம் சாந்து கரையும். ஓடிக்கலோனில் இருக்கிற மதுசாரம் மிச்சத்தையும் எடுத்துவிடும். வெடிப்புகளுக்குள் கரி இறங்கும், தோல் கோபித்துத் தடிக்கும், வெயில் பட்டால் அந்த இடம் கறுக்கும். இரண்டு வருடமாய் மெல்லக் கரைந்த சுவர் ஏப்ரல் வெயிலில்தான் விட்டுக்கொடுத்தது.

தண்ணீரும் ஒரு காரணம். கிளிநொச்சிக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாய்ப் பொருக்குப் பிடிக்கிறதே, அந்தச் சுண்ணாம்பு சவர்க்காரத்தோடு சேர்ந்தால் திரைந்த பால்போல ஒரு படலமாகும். வாளியின் ஓரத்தில் விரலால் வழித்து எடுக்கலாம். வாளியில் ஒட்டுகிறது முகத்திலும் ஒட்டும். கழுவக் கழுவ முகம் இழுபட்டதுபோல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

டொக்டர் எழுதித் தந்தது சின்னப் பட்டியல். சவர்க்காரம் இல்லாத ஒரு திரவத்தால் பின்னேரம் ஒரு தரம் மட்டும் கழுவுவது, அதுவும் குடிக்க வாங்குகிற சுத்திகரித்த தண்ணீரில். பகலில் எரிந்தால் வெறும் தண்ணீரை ஒற்றி எடுப்பது, தேய்க்காமல். முகத்தில் ஈரம் இருக்கும்போதே வெள்ளைக் கிறீம் பூசுவது, ஈரத்தை உள்ளேயே மூடி வைப்பதற்காக. காலையில் வெயில் கிறீம். வேலை நேரத்தில் தாவணித் துணி போல மெல்லிய பருத்தித் துணியால் கன்னத்தை மூடி, அந்தத் துணியை ஒவ்வொரு நாளும் தோய்ப்பது.

"எரிவும் தடிப்பும் ரெண்டு கிழமையில குறைய வேணும். கறுப்புப் போக ஆறு மாதமாகும். ரெண்டு கிழமையில ஒண்டும் குறையாட்டி, நாங்கள் எதையோ விட்டிட்டம் எண்டு அர்த்தம்."

கஜேந்தினி பட்டியலை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தாள். வலது கன்னம் ஐந்து நாளில் மெத்தென்று ஆனது. இடது கன்னம் அசையவில்லை. பத்தாம் நாளும் எரிந்தது. பின்னேரம் கழுவித் துடைத்த வெள்ளைத் துணியின் இடப்பக்கம் கறுப்பாக, பிசுபிசுப்பாக வந்தது. துணியால் மூடியும் எப்படி இவ்வளவு கரி ஒட்டுகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு நாள் போய்விட்டது.

தரிப்பிடத்தின் மூலையில் றுமைஸின் கராஜ். முல்லைத்தீவுக்காரர், இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே தொழில் பழகி, திரும்பி வந்தவர். அண்ணன் என்பதற்கு முஸ்லிம்கள் சொல்கிற 'நானா' என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு மத்தியானம் அவர் ஸ்கந்தபுரம் சாரதி பழனியாண்டியின் பழைய லேலண்ட் பஸ்ஸின் எயார் கிளீனரைக் கழற்றி நிலத்தில் வைத்திருந்தார். பஸ் எப்போது முறைக்கு வரும் என்று கேட்கப் போன கஜேந்தினி, அதைப் பார்த்துவிட்டு நின்றாள். சருவச்சட்டி மாதிரி ஒரு தகரப் பாத்திரம். அடியில் எண்ணெய். அந்த எண்ணெய்க்குள் இரண்டு விரல் தடிப்புக்குச் சேறு.

அது என்ன சேறு என்று கேட்டாள். றுமைஸுக்கு யாராவது கேட்டாலே போதும், சாவியைக் கீழே வைத்துவிடுவார். என்ஜின் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று மேலிருந்து வேகமாக இறங்கி, எண்ணெயின் மேல் மோதுகிற மாதிரி வந்து, சட்டென்று மேல்நோக்கித் திரும்பும். காற்றுக்குப் பாரமில்லை, அது திரும்பிவிடும். தூசுக்குப் பாரம் உண்டு, அதால் அவ்வளவு விரைவாய்த் திரும்ப ஏலாது, நேராய்ப் போய் எண்ணெய்க்குள் விழும். தப்பினது மேலே இருக்கிற கம்பி வலையில் போய் ஒட்டும், ஏனென்றால் அந்த வலையும் எண்ணெயில் நனைந்தது.

"எண்ணெய் இல்லாட்டி, நானா?"

"இல்லாட்டி முக்காவாசித் தூசு வலையில பட்டிட்டு அப்பிடியே போயிரும். காஞ்ச கம்பியில தூசு நிக்காது தங்கச்சி. எண்ணெய்தான் பிடிச்சு வைக்கும். புகைக்கரி எண்டா இன்னும் மோசம், அது எண்ணெயோட சேந்து கரைஞ்சே போயிரும். அதுக்குத்தானே ஊத்துறம்."

கஜேந்தினி தன் கையைப் பார்த்தாள். பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். காலை நான்கரைக்கு எழும்பி, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னி, உள்ளங்கைகளில் மிஞ்சின எண்ணெயை முகத்திலும் கைகளிலும் வழித்துவிடுவாள். சின்ன வயதிலிருந்து செய்கிறாள். ஸ்கந்தபுரத்தில் செய்யாத பெண்ணே இல்லை. அது பூசுவது அல்ல. தலைக்கு எண்ணெய் வைக்கிற வேலையின் கடைசிப் பகுதி, கையைத் துடைக்கிற மாதிரி. ஆகவேதான் டொக்டர் கேட்டபோது அது அவளுடைய நினைவுக்கே வரவில்லை. வழுவழுப்பாய் இருந்தால் புழுதி வழுக்கிக்கொண்டு போய்விடும் என்ற எண்ணமும் எங்கேயோ அடியில் இருந்தது. புகை மணம் கூடிய நாட்களில் இடது கன்னத்துக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வழித்திருக்கிறாள்.

"நானா, நான் பன்னிரண்டு நாளா எயார் கிளீனராயிருந்திருக்கிறன்," என்றாள்.

விளக்கினபோது றுமைஸ் சிரிக்கவில்லை. எண்ணெய் கெட்டதில்லை, இடம்தான் பிழை என்றார். இராத்திரி வீட்டுக்குள் பூசினால் அது தோலுக்கு மூடி. விடியப் பூசிக்கொண்டு இருபத்திரண்டு புகைக்குழாய்க்கு முன்னால் இருந்தால் அது பொறி.

அடுத்த நாளிலிருந்து தலைக்கு எண்ணெய் வைத்ததும் கையைச் சீலைத் துணியில் துடைத்துக் கழுவினாள். முதல் பின்னேரமே துணியில் கறுப்புப் பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு கிழமையில் செதில் விழுந்தது. மத்தியான எரிவு பின்னேரத்துக்குத் தள்ளிப் போனது. ஆனால் அதற்கு மேல் போகவில்லை. யூன் பதினேழாம் திகதி, இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. கன்னத்துக்குச் செய்யக்கூடியது எல்லாம் செய்தாயிற்று, இனிமேல் புகையைக் குறைக்க வேண்டும் என்று அவள் முடிவுக்கு வந்தாள்.

புகை ஏன் அவ்வளவு? பஸ்கள் ஓடுவதால் இல்லை, நிற்பதால். புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதே சாரதிமார் என்ஜினைப் போட்டுவிடுவார்கள். என்ஜின் சும்மா உறுமி நிற்கும்போது டீசல் ஒழுங்காய் எரியாது, கரி கூட வரும். சிலருக்கு எயார் டாங்கியில் கசிவு, நிறுத்தினால் பிறேக்குக்கு வேண்டிய அழுத்தம் இறங்கிவிடும். பெரும்பாலானோருக்கு அந்தக் காரணமும் இல்லை. அவர்களுடைய காரணத்தை ஸ்கந்தபுரம் பஸ் பழனியாண்டி ஒளிக்காமல் சொன்னார்.

"என்ஜின் நிண்டா சனம் ஏறாது டீச்சர். இங்க பாருங்க." அவர் பஸ்ஸை ஒரு முழம் முன்னுக்கு உருட்டி நிறுத்தினார். கடை வாசலில் நின்ற இரண்டு பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறினார்கள். பஸ் வெளிக்கிட இன்னும் பதினான்கு நிமிடம் இருந்தது. பழனியாண்டி பஸ்ஸைப் பின்னுக்கு உருட்டி அதே இடத்தில் விட்டார்.

இது எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. ஏறினவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் ஓடுகிறார்கள் என்று கஜேந்தினி யோசித்தாள். அவர்களுக்கு வேறு மணிக்கூடு இல்லை. ஒன்பது இருபது என்று கொப்பியில் இருப்பது அவளுக்கும் சாரதிக்கும்தான் தெரியும். அதுவும் ஆள் சேரவில்லை என்றால் இருபத்தைந்தாகும், முப்பதாகும். சனம் நம்பக்கூடியது உறுமலை மட்டும். அது பொய் சொன்னாலும் வேறு வழியில்லை. நம்பக்கூடிய நேரம் ஒன்றைக் கொடுத்தால் உறுமல் தேவைப்படாது.

கூட்டில் ஒரு மைக் இருந்தது. இதுவரை சாரதிமாரைக் கூப்பிடவும் ஏசவும்தான் பயன்பட்டது. ஒன்பது இருபது ஸ்கந்தபுரம் பஸ்ஸை மட்டும் என்ஜின் நிறுத்தி வையுங்கள், சனத்தை நான் ஏற்றித் தாறன் என்று பழனியாண்டியிடம் கேட்டாள். அவர் ஒரு கிழமைக்குச் சம்மதித்தார். சரிவராவிட்டால் டீச்சர் வந்து பஸ்ஸைத் தள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்.

முதல் நாள் தோல்வி. ஒன்பது இருபதுக்குப் புறப்படும் என்று அவள் மைக்கில் இரண்டு தரம் சொன்னாள். ஒருவரும் அசையவில்லை. சத்தமில்லாத பஸ்ஸைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் ஓட்டோ பிடித்துப் போனார்கள். பழனியாண்டி கூட்டைக் கடக்கும்போது ஹோர்னை நீட்டி அடித்தார். பின்னேரம் அவள் தன் பிழையைக் கண்டுபிடித்தாள். மணியைச் சொல்வது பிரயோசனமில்லை, அந்த மணி எத்தனையோ தரம் பொய்த்திருக்கிறது. மிச்ச நிமிடத்தைச் சொல்ல வேண்டும், சொன்னது சொன்னபடி நடக்கிறதைச் சனம் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து இன்னும் பத்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் இரண்டு என்று இறக்கினாள். இரண்டில் பழனியாண்டி என்ஜினைப் போட்டார். பூச்சியத்தில் பஸ் நகர்ந்தது, பாதி ஆளோடு.

நான்காம் நாள் புதன்கிழமை. கடைசி நிமிடத்தை அவள் சொல்லி முடிக்கும்போது, சந்தை வாசலில் இருந்து இரண்டு கையிலும் பைகளோடு ராஜினி அக்கா வருவது தெரிந்தது. செயலாளர் பரமேஸ்வரனின் மனைவி. புதன்கிழமைகளில் ஸ்கந்தபுரத்தில் இருக்கிற தங்கையைப் பார்க்கப் போகிறவ. அவவுக்காக பஸ்கள் காத்து நின்றுதான் பழக்கம். பழனியாண்டி கால் பிறேக்கில், கண் கூட்டில். தரிப்பிடத்தில் நின்றவர்கள் எல்லாரும் கூட்டைத்தான் பார்த்தார்கள்.

ஒரு நிமிடம் நிறுத்தினால் மூன்று நாள் சொன்ன நிமிடமெல்லாம் பழைய கணக்குக்குத் திரும்பிவிடும். நிறுத்தாவிட்டால் செயலாளர். அவள் மைக்கை எடுத்தாள்.

"ஒன்பது இருபது. ஸ்கந்தபுரம். எடுங்கோ அண்ணை."

பஸ் போய்விட்டது. ராஜினி அக்கா நடுத் தரிப்பிடத்தில் நின்று பஸ்ஸின் முதுகைப் பார்த்தா. பிறகு நேரே கூட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, உள்ளே மிச்சமிருந்த கதிரையில் பைகளோடு இருந்தா. வாங்குப் பலகைகள் போட்ட நிழல் இடம் எல்லாம் நிரம்பியிருந்தது. அடுத்த பஸ் பத்து மணிக்கு.

"என்னைக் காணேல்லையோ பிள்ளை?"

"கண்டனான் அக்கா."

நாற்பது நிமிடம் அவ அங்கே இருந்தா. அந்த நேரம் வவுனியா பஸ் ஒன்றும் முல்லைத்தீவு பஸ் இரண்டும் வரிசையில் நின்று உறுமின. முதல் பத்து நிமிடம் முறைப்பாடு சொன்னா. அதற்குப் பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினா. அரை மணியில் கண்ணைக் கசக்கத் தொடங்கினா. கஜேந்தினி போத்தல் தண்ணீரை நீட்டி, தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுங்கோ என்றாள். சேலைத் தலைப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு தடம் வந்தது. ராஜினி அக்கா அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தா. ஒவ்வொரு நாளும் இப்படியா என்று கேட்டா. இண்டைக்கு ஒரு பஸ் குறைவு, அக்கா, என்றாள் கஜேந்தினி.

செயலாளரின் மனைவியையே விட்டுவிட்டுப் போன பஸ் என்ற கதை மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கப் போய்விட்டது. வியாழக்கிழமை ஒன்பது பத்துக்கே பழனியாண்டியின் பஸ்ஸில் இருக்க இடமில்லை. மற்றச் சாரதிமார் வந்து தங்கள் பஸ்ஸுக்கும் நிமிடம் சொல்லச் சொன்னார்கள். நிமிடம் வேண்டுமென்றால் என்ஜின் நிற்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே நிபந்தனை. யூன் முடியும்போது பதினைந்து பஸ்கள் நின்றன. தூரப் பயண பஸ்களும் எயார் கசிகிறவையும் மட்டும் உறுமின. யன்னலில் நிமிடம் கேட்க வந்து சாய்கிறவர்களுக்கு அவளுடைய கன்னத்தைப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

முப்பதாம் திகதி பின்னேரம் பரமேஸ்வரன் வந்தார். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, மேசை மூலையில் சாய்ந்தார். கொப்பியைப் புரட்டி, புதன்கிழமைப் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்பது இருபதுக்கு நேரே ஒன்பது இருபது என்று எழுதியிருந்தது.

"வீட்டில மூண்டு நாளா எனக்குச் சாப்பாடு பேச்சோடதான்," என்றார். "பஸ்ஸை விட்டதுக்கில்லை. நாப்பது நிமிசத்தில தனக்கே முகம் எரிஞ்சதாம், இந்தப் பிள்ளையை ரெண்டு வருசமா இருத்தி வச்சிட்டு இப்ப தொத்து எண்டு துரத்துறியளோ எண்டு கேக்கிறா."

அவளுடைய கன்னத்தை முதல் தடவையாகக் கிட்ட நின்று பார்த்தார். தடிப்பு இறங்கியிருந்தது. கறுப்பு இருந்தது. அது போக மாரிகாலம் வந்துவிடும் என்று டொக்டர் சொன்னதை அவள் சொன்னாள்.

"கறுப்பு இருக்கட்டும். நாளைக்கும் நீர் இதிலயே இரும். மேல கோவை பாக்க வேற ஆளைப் போடுவம்."

கஜேந்தினி ஓம் என்று உடனே சொல்லவில்லை. இருப்பேன், ஆனால் கூடு இப்படியே நிற்கக் கூடாது என்றாள். உறுமுகிற ஏழு பஸ்ஸும் இந்தத் திறப்புக்குள்தான் ஊதுகின்றன. துணியும் கிறீமும் மிச்சத்தைத் தடுக்கும், முழுவதையும் தடுக்காது. கூட்டைத் திருப்பினால் தகரச் சுவர் அந்தப் பக்கம் வரும். பரமேஸ்வரன் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். திருப்பினால் பஸ் நம்பரை எப்படிப் பார்ப்பது? அவள் கராஜ் பக்கம் பார்த்தாள். கராஜ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த றுமைஸிடம் அதற்குப் பதில் இருந்தது.

யூலை முதலாம் திகதி விடிய ஐந்தரைக்கு, முதல் பஸ் வருமுன், எட்டுச் சாரதிமார் கூட்டைச் சுற்றி நின்றார்கள். கொங்கிறீட் கல்லில் இருந்து அது லேசாய் எழும்பவில்லை. உள்ளே டீச்சர் இருந்தால்தான் பாரம், இறங்கின பிறகும் இவ்வளவு பாரமா என்று பழனியாண்டி கேட்டார். கொப்பிகளை எடுத்துவிட்டால் எழும்பும் என்றாள் அவள். மூன்றாம் தரம் எழும்பியது. பாதிச் சுற்றுச் சுற்றி, கற்களின் மேல் இறக்கினார்கள். ஒரு கால் ஆடியது. யாரோ ஓட்டுத் துண்டு ஒன்றைச் செருகினார்கள்.

றுமைஸ் கழித்துப் போட்ட பஸ் ஒன்றின் பக்கக் கண்ணாடியைத் தடியோடு கொண்டுவந்து யன்னல் ஓரத்தில் திருகாணி போட்டு முடுக்கினார். அது நடுவில் புடைத்த கண்ணாடி. புடைத்திருப்பதால் சின்ன இடத்துக்குள் அகன்ற காட்சி விழும். எல்லாம் சிறிதாகவும் தூரத்திலும் தெரியும், ஆகவே பஸ் நிற்கிற தூரத்தைக் கண்ணாடியை நம்பிச் சொல்லாதே, நம்பரை மட்டும் வாசி என்று அவர் எச்சரித்தார். நம்பர் இடம்வலம் மாறித் தெரியுமே என்றாள் அவள். இரண்டு நாளில் பழகிவிடும் என்றார்.

கஜேந்தினி கதிரையில் இருந்து, கன்னத்துத் துணியைச் சரிசெய்து, கண்ணாடியை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். மூன்று வரிசையும் உள்ளே வந்ததும் நிறுத்தினாள். ஆறு பத்து பூநகரி பஸ் பின்பக்கமாக வந்து நின்றது. அதன் நம்பரை வலமிருந்து இடமாக ஒருதரம் வாசித்து, சரிதானா என்று எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மைக்கை எடுத்தாள்.

"பூநகரி. இன்னும் எட்டு நிமிசம். என்ஜினை நிப்பாட்டுங்கோ."